மதுரைக்கு வந்து தமிழ் படிக்கும் அமெரிக்க மாணவர்கள்

வெளிநாட்டுப் படிப்பு என்றால் மதுரையில் யாருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்குவது, ஆங்கிலப் பரீட்சை எழுதுவது, விசாவுக்காகச் சென்னைக்கு நடையாய் நடப்பது, கடைசியில் விமான நிலைய வாசலில் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது. கனடா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று கொடி போட்ட பலகைகள் நகரத்தின் கடைவீதிகளில் பெருகிவிட்டன. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் குடியானவர்களும் பிள்ளையின் படிப்புக்காக வயலை விற்பது பற்றிப் பேசுகிறார்கள்.

இந்தக் கூட்டம் போகிற பாதையில் எதிர்த்திசையிலிருந்தும் சிலர் வருவதுண்டு. எண்ணிக்கையில் அவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் பெயர் பதிந்துகொண்டு, தங்கள் படிப்பில் ஒரு பகுதியை மதுரையில் முடிக்க வருகிறவர்கள். இங்கே எழுதும் தேர்வின் மதிப்பெண் அவர்களுடைய சொந்தக் கல்லூரியின் கணக்கில் சேரும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வருகை நடக்கிறது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வேட்டியை இடுப்பில் நிறுத்தப் பாடுபடும் வெள்ளைக்கார இளைஞனையோ, மீன் கடையில் தமிழில் பேரம் பேசும் பெண்ணையோ பார்த்து, "யாரோ டூரிஸ்டு" என்று நினைத்தவர்கள் பலர். அவர்களில் சிலருக்கு அது வேடிக்கை பார்க்கும் பொழுது அல்ல. அன்றைய பாடமே அதுதான்!

பந்து எறிந்தது ரஷ்யா

இந்தக் கதை தொடங்கியது வைகைக் கரையில் அல்ல, வானத்தில். 1957 அக்டோபரில் ரஷ்யா 'ஸ்புட்னிக்' என்ற செயற்கைக் கோளைப் பறக்க விட்டது. அமெரிக்கா திடுக்கிட்டது. விஞ்ஞானத்தில் மட்டுமல்ல, உலக மொழிகளை அறிவதிலும் தாங்கள் பின்தங்கிவிட்டோம் என்று அங்கே பேச்சு எழுந்தது. 1958ல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்று ஒன்று நிறைவேறிற்று. ஆசிய மொழிகளைப் படிக்க அரசாங்கமே பணம் கொடுத்தது. சிகாகோ, பென்ஸில்வேனியா, விஸ்கான்ஸின், பெர்க்லி முதலிய இடங்களில் தமிழ் வகுப்புகள் நடைபெறலாயின. பாதுகாப்புக்கும் பன்மை விகுதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பணம் வந்தது, மொழி பிழைத்தது.

விஸ்கான்ஸின் பல்கலைக் கழகம் 1961ல் 'இந்தியாவில் கல்லூரி ஆண்டு' என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. மாணவர்கள் ஓராண்டை இந்திய நகரம் ஒன்றில் கழிக்க வேண்டும். தமிழ் எடுத்தவர்களுக்கு அந்த நகரம் மதுரை. அதே 1961ல் அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பல சேர்ந்து 'அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆப் இந்தியன் ஸ்டடீஸ்' என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் தமிழ் மொழி வகுப்பும் மதுரையில்தான் நிலைகொண்டது. சில சிறு கல்லூரிகள் கூடி நடத்திய 'சவுத் இந்தியா டேர்ம் அப்ராட்' என்ற பருவப் படிப்பு பின்னால் வந்தது. அதுவும் மதுரையையே தேர்ந்துகொண்டது.

இதில் ரேஷன் கடைக்கும் ஒரு பங்கு உண்டு. 1954ல் வந்த பி.எல். 480 சட்டப்படி அமெரிக்கா நமக்குக் கோதுமை அனுப்பியது; விலையை ரூபாயாகவே வாங்கிக்கொண்டது. அந்த ரூபாய் இந்தியாவிலேயே மலை போல் குவிந்தது. அதில் ஒரு பகுதி அமெரிக்க நூலகங்களுக்கு இந்தியப் புத்தகம் வாங்கவும், அமெரிக்க மாணவர்கள் இங்கே வந்து படிக்கவும் செலவாயிற்று. கடையில் வரிசையில் நின்று கோதுமை வாங்கிய மதுரைக் குடும்பத்துக்கு, தன் காசில்தான் எதிர்வீட்டு அமெரிக்கப் பெண் 'அ, ஆ' எழுதுகிறாள் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

ஏன் மதுரை?

சென்னை இருக்க மதுரை எதற்கு? சங்கம் வளர்த்த ஊர் என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம்; ஆனால் திட்டம் போட்டவர்களுக்கு அதைவிட நடைமுறையான காரணம் இருந்திருக்க வேண்டும். சென்னையில் வாய் திணறினால் ஆங்கிலம் வந்து காப்பாற்றிவிடும். மதுரையில் அது சுலபமாகக் காப்பாற்றாது. காய்கறிக்காரம்மாவும், பஸ் கண்டக்டரும், சலவைக்காரரும் தமிழில்தான் பேசுவார்கள். தப்பாகப் பேசினால் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். மொழி படிக்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அமெரிக்கர்களுக்கு ஊர் புதிதும் அல்ல. அமெரிக்க மிஷன் 1834லேயே இங்கு வந்துவிட்டது. அமெரிக்கன் கல்லூரி 1881ல் பசுமலையில் தோன்றி, பிறகு கோரிப்பாளையம் பக்கம் குடியேறியது. லேடி டோக் கல்லூரி 1948ல் வந்தது. சீனத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஓபர்லின் கல்லூரிக்காரர்களின் சங்கம், அங்கே ஆட்சி மாறியபின் தன் இளம் பட்டதாரிகளை இந்த இரு கல்லூரிகளுக்கும் அனுப்பத் தொடங்கிற்று.

அதற்கும் முந்தி, 1606லேயே இத்தாலியரான ராபர்ட் டி நொபிலி மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தமிழும் வடமொழியும் படித்தார். மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் செய்தபோது, ஒன்று போதாது என்று கண்டார். செந்தமிழுக்கு ஒன்று, மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கு ஒன்று என இரண்டு எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738ல் தரங்கம்பாடியில் அச்சேறியது. வெளியிலிருந்து வந்தவருக்கு அன்றே தெரிந்துவிட்ட அந்தச் சங்கடம்தான் மதுரை வகுப்புகளின் முக்கியப் பிரச்னையாக இன்றுவரை இருக்கிறது.

இரண்டு தமிழ்

அமெரிக்காவில் ஓராண்டு தமிழ் படித்துவிட்டு வரும் மாணவன் செய்தித் தாளை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவான். மதுரையில் இறங்கி ஆட்டோக்காரரிடம், "நான் ரயில் நிலையத்திற்குச் செல்ல வேண்டும்" என்பான். ஆட்டோக்காரர் சுற்றும் முற்றும் பார்ப்பார், யாராவது நாடகம் போடுகிறார்களா என்று. "ஸ்டேஷனுக்கா? ஏறுங்க, அங்கிட்டுத்தான் போறேன்" என்பார். மாணவனுக்கு அதில் 'ஸ்டேஷன்' ஒன்றுதான் புரியும்.

புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று இருப்பது தெருவில் 'வந்துக்கிட்டிருக்கேன்' ஆகிவிடுகிறது. 'இரண்டு' ரெண்டாகிறது, 'இலை' எலையாகிறது, 'உடம்பு' ஒடம்பாகிறது. 'அவன்', 'மரம்' என்ற சொற்களின் கடைசி மெய் வாயில் நிற்காமல் மூக்கில் போய் ஒளிந்துகொள்கிறது. 'என்னிடம்' என்று யாருமே சொல்வதில்லை, 'எங்கிட்ட' என்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது எதுவும் பாடமல்ல. மடியில் கிடந்தே கற்றுவிடுகிறது. வெளியாருக்கோ ஒரே பெயரில் இரண்டு மொழிகள்.

இங்கேதான் மதுரைத் தமிழாசிரியர்களுக்குச் சோதனை வந்தது. அவர்கள் நன்னூல் படித்து வந்தவர்கள். வகுப்பில் ஒரு மாணவன் 'வர்றேன்' என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்கப் பழகியவர்கள். அதே ஆசிரியர், 'வருகிறேன்' எப்படி 'வர்றேன்' ஆகிறது என்பதற்கு விதி சொல்ல வேண்டும் என்றால்? கொச்சை என்று தள்ளியதைக் கரும்பலகையில் எழுத வேண்டும். சிலருக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. ஆயினும் உட்கார்ந்து பார்த்தபோது, தெருப் பேச்சுக்கும் விதி இருப்பது தெரிந்தது. முதல் எழுத்து இகரமாக இருந்து, இடையில் ஒற்று இரட்டிக்காமல் அடுத்த அசையில் ஐகாரம் வந்தால் இகரம் எகரமாகும். எனவே இலை எலையாவது போலவே விலை வெலையாகிறது, நிலை நெலையாகிறது. மதுரைக்காரர் யாருக்கும் இந்த விதி தெரியாது. யாரும் இதை மீறுவதும் இல்லை.

கேள்வி கேட்டால் இலக்கணம் பிறக்கும்

இந்த வகுப்புகளில் பாடம் சொன்னவர்களில் பேராசிரியர் கு. பரமசிவம் முக்கியமானவர். மதுரைத் தமிழாசிரியரான அவர், சிகாகோ பல்கலைக் கழகத்தில் மொழியியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். அமெரிக்க மாணவர்களின் ஒரு தலைமுறைக்கே தமிழ் அவர் வழியாகத்தான் போயிற்று.

வெளிநாட்டு மாணவன் கேட்கும் கேள்விகள் எப்படிப்பட்டவை என்பதற்கு ஓர் உதாரணம். 'சேர்ந்தான்', 'சேர்த்தான்' என்ற இரண்டுக்கும் என்ன வேற்றுமை? செயப்படுபொருள் குன்றியது ஒன்று, குன்றாதது மற்றொன்று என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால், "ஊரைச் சேர்ந்தான்" என்கிறோமே, அதிலும் 'ஐ' இருக்கிறதே! "பணத்தைச் சேர்த்தான்" என்பதிலும் 'ஐ' இருக்கிறது. பிறகு எது குன்றியது, எது குன்றாதது?

தமிழிலே பிறந்து வளர்ந்தவனுக்கு இந்தச் சந்தேகம் தோன்றுவதில்லை. தோன்ற அவசியமும் இல்லை. பரமசிவம் இத்தகைய வினைச்சொற்களை எடுத்துக்கொண்டு தம் ஆராய்ச்சியையே நடத்தினார். வினையின் விளைவு செய்தவனையே பற்றுகிறதா, வேறொரு பொருளின் மேல் போகிறதா என்பதுதான் தமிழ் பார்க்கும் வேற்றுமை என்று அவர் விளக்கினார். ஊரைச் சேர்ந்தவன் தானே நகர்ந்து வந்தான். பணத்தைச் சேர்த்தபோது நகர்ந்தது பணம். திரும்பினான், திருப்பினான், ஏறினான், ஏற்றினான், உடைந்தது, உடைத்தான் என்று ஜோடி ஜோடியாக நிற்கும் நூற்றுக் கணக்கான வினைகளுக்கு இந்த ஒரு திறவுகோல் போதும்.

ஜேம்ஸ் லிண்ட்ஹோம் என்ற அமெரிக்கருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆங்கிலவழித் தமிழ்ப் பாடநூல் 1980ல் வந்தது. அதைக் காட்டிலும் மதுரைக்கு முக்கியமானது 1983ல் வெளிவந்த 'இக்காலத் தமிழ் மரபு'. தமிழிலேயே, தமிழர்களுக்காக எழுதியது. பழைய நூற்பாக்களுக்கு உரை சொல்லாமல், இன்று நாம் பேசுகிற, எழுதுகிற தமிழ் எப்படி இயங்குகிறது என்று பார்த்த நூல். தமிழ் எம்.ஏ. மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். வெளியூரான் கேட்ட கேள்வி உள்ளூரானுக்கு இலக்கணமாகத் திரும்பி வந்தது என்றால் தவறில்லை.

அமெரிக்கத் தமிழறிஞர்கள் 1992ல் அவருக்கு மரியாதையாக ஒரு மொழிபெயர்ப்புத் தொகுதி வெளியிட்டார்கள். சிகாகோவில் தமிழ் கற்பித்த நார்மன் கட்லரும், ஓபர்லின் கல்லூரிப் பேராசிரியை பாலா ரிச்மனும் அதன் பதிப்பாசிரியர்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தமிழ்க் கொடை' என்று வரும். மதுரை ஆசிரியர் ஒருவருக்கு இத்தகைய காணிக்கை எங்கிருந்து வந்தது பாருங்கள்!

வீடே வகுப்பு

பாடத் திட்டம் எப்படி? கோடை வகுப்பு சுமார் இரண்டு மாதம். ஆண்டு வகுப்பு செப்டம்பர் வாக்கில் தொடங்கி மறுவருஷம் சித்திரையை ஒட்டி முடியும். காலை முழுவதும் வகுப்பு. ஓர் ஆசிரியருக்கு நாலைந்து மாணவர் இருந்தாலே அதிகம். சில சமயம் ஒருவருக்கு ஒருவர்தான். பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ், முன்னேறியவர்களுக்கு இலக்கியம். பருவப் படிப்புக்கு வரும் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழோடு தென்னாட்டு வாழ்க்கை பற்றிய பாடமும் உண்டு; வீணையோ, மிருதங்கமோ, பரதமோ தனியாகக் கற்றுக்கொள்ளலாம். முடிவில் ஒரு சிறு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதித் தர வேண்டும். மதிப்பெண் அதற்கும் உண்டு.

மத்தியானத்துக்குப் பிறகுதான் அசல் படிப்பு. பல மாணவர்களை மதுரைக் குடும்பங்களில் தங்க வைக்கிறார்கள். அந்த வீட்டு அம்மாள் சம்பளமில்லாத பேராசிரியை. சாப்பாடு வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வது எப்படி, பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது எதற்கு, கண்டக்டரை 'அண்ணே' என்றும் பக்கத்து வீட்டுக்காரியை 'அக்கா' என்றும் கூப்பிடுவது ஏன் — இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் உள்ள பேதத்தை வகுப்பில் அரைமணி நேரம் விளக்குவார்கள். வீட்டில், "நாங்க சினிமாவுக்குப் போறோம்" என்று அம்மாள் சொன்னதும், தன்னை அழைக்கவில்லை என்று மாணவி ஒரு நொடியில் தெரிந்துகொள்கிறாள்!

ஒருநாள் காலையில் வகுப்புக்குக் கிளம்பும் பெண், இலக்கண சுத்தமாக "நான் போகிறேன்" என்பாள். வீட்டுப் பாட்டிக்கு நெஞ்சு பதறும். "போறேன்னு சொல்லாதே தாயி. போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்பாள். பெண் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொள்வாள்.

எல்லா வீட்டிலும் எல்லாம் சுமுகம் என்று சொல்ல முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் பெண் பிள்ளை வெளியே போகக் கூடாது என்பது வீட்டாரின் கவலை. தான் சிறுபிள்ளை அல்ல என்பது அவளுடைய கவலை. சமையலறைக்குள் யார் வரலாம், யார் எந்தத் தட்டில் சாப்பிடலாம் என்பவற்றிலிருந்து ஜாதி என்பது என்ன என்று அவர்கள் தெரிந்துகொள்ளும் விதமும் நமக்குப் பெருமை தருவது அல்ல. திட்டக்காரர்கள் பாடம் என்று எழுதிக் கொடுக்காத பாடம் அது.

நாம் பார்க்காததைப் பார்த்தவர்கள்

தமிழைக் கற்றபின் என்ன செய்கிறார்கள்? பலர் ஊருக்குத் திரும்பி வேறு உத்தியோகம் பார்க்கிறார்கள். சிலருக்கு மதுரை ஆயுள் முழுவதற்கும் வேலை கொடுத்துவிடுகிறது. இந்த வகுப்புகள் வழியாக வந்தவர்களையும், வேறு வழியில் வந்து தமிழ் கற்றவர்களையும் சேர்த்துப் பார்த்தால், மதுரையையும் சுற்று வட்டாரத்தையும் பற்றிய அயலார் நூல்கள் ஓர் அலமாரியை நிரப்பும்.

பிரெஞ்சுக்காரரான லூயி டூமோன் 1949-50ல் உசிலம்பட்டிப் பக்கம் தங்கி, பிரமலைக் கள்ளர் வாழ்க்கையை எழுதினார். நூல் 1957ல் வந்தது. கனடாவின் ஸ்டீபன் இங்கிலிஸ், அய்யனாருக்கு மண் குதிரை செய்யும் வேளார்களின் கலையை எழுதினார். 1980ல் அதை வெளியிட்டது மதுரை காமராசர் பல்கலைக் கழகமே. பிரிட்டனின் கிறிஸ் புல்லர் மீனாட்சி கோயில் பட்டர்களைப் பற்றி எழுதிய நூல் 1984ல் வந்தது. ஸாரா டிக்கி 1980களில் வந்து, மதுரையின் ஏழை எளியவர்கள் சினிமா பார்ப்பதையும், ரசிகர் மன்றங்களையும் ஆராய்ந்தார். சினிமா பார்ப்பதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. அந்த மன்றங்கள் தமிழக அரசியலில் செய்ததை அறிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். அவர் மதுரையை விட்டுவிடவும் இல்லை; நகரத்து மக்களின் வசதி ஏற்றத் தாழ்வு பற்றிய அவருடைய மற்றொரு நூல் 2016ல் வெளிவந்தது.

சூசன் ஸைஸர் எடுத்துக்கொண்டது ஸ்பெஷல் நாடகம். ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' ஆடும் நடிகர், நடிகையரை மதுரைக்காரர் அனைவரும் பார்த்திருக்கிறார்கள். மேடையில் கைதட்டியவர்களே மறுநாள் தெருவில் அந்த நடிகையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த அவமானத்தோடு அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதே 2005ல் வந்த அந்த நூலின் பொருள்.

பெர்னார்டு பேட் எடுத்துக்கொண்டதோ மேடைப் பேச்சு. வீட்டில் 'வர்றேன்' என்கிற அதே மனிதர் ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் ஏன் செந்தமிழுக்குத் தாவுகிறார்? மதுரைப் பொதுக்கூட்டங்களில் நின்று கேட்டு அவர் எழுதிய நூல் 2009ல் வந்தது. முதல் வகுப்பில் மாணவர்களை மிரட்டும் அந்த இரட்டைத் தமிழே ஓர் ஆராய்ச்சி நூலுக்கு விஷயமாகிவிட்டது. அவர் 2016ல் காலமானார்.

திரும்பி வராத புத்தகம்

இவ்வளவும் சரி. இந்த நூல்களை மதுரையில் யார் படிக்கிறார்கள்?

பெரும்பாலும் ஆங்கிலத்தில், அயல்நாட்டுப் பல்கலைக் கழக அச்சகங்களில் வெளியானவை. ஒரு பிரதி ஆயிரக் கணக்கில் விலை. இரவெல்லாம் கண் விழித்துக் கதை சொன்ன நடிகையும், ரிக்ஷாவை ஓரம் கட்டிவிட்டு ரசிகர் மன்றக் கணக்கைக் காட்டியவரும் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அறிய வழியில்லை. அறிந்தால் ஒத்துக்கொள்வார்களா, சண்டைக்கு வருவார்களா என்பதும் தெரியாது. வேளார்களைப் பற்றிய நூலை இங்குள்ள பல்கலைக் கழகமே போட்டது போல மற்றவற்றையும் செய்திருக்கலாம். மொழிபெயர்ப்புக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. எம்.ஏ. தமிழும் எம்.ஏ. ஆங்கிலமும் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இந்த ஊரில் நிறைய.

மற்றொரு குறையும் உண்டு. வெளிநாட்டானுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது தனித் தொழில் என்று நம் கல்லூரிகள் நினைப்பதில்லை. பேச்சுத் தமிழின் விதிகளை அறிந்த ஆசிரியர்கள் மதுரையில் உருவானது பெரும்பாலும் இந்த வகுப்புகளின் பட்டறையில்தான். 2020ல் கொரோனா வந்து போக்குவரத்து நின்றபோது அந்தப் பட்டறையும் ஆட்டம் கண்டது. டாலர் வந்தால் வகுப்பு, வராவிட்டால் இல்லை என்ற நிலையில் ஓர் ஊரின் கலை நிற்பது நல்லதல்ல.

பேரன் பேத்திகள்

மாணவர் கூட்டத்தில் இப்போது வெள்ளை முகங்கள் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். கொடி போட்ட பலகையைப் பார்த்து ஒரு காலத்தில் விமானம் ஏறியவர்களின் மக்கள். இவர்களைச் சேர்ப்பதில் ஆசிரியர்களுக்கு ஒரு தலைவலி. வீட்டில் அம்மா பேசுவது எல்லாம் புரியும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். 'சாப்பிட்டியா', 'தூங்கு', 'சும்மா இரு' எல்லாம் தெரியும். எழுத்து ஒன்று கூடத் தெரியாது. முதல் வகுப்பில் போட்டால் சலிப்பு. இரண்டாம் வகுப்பில் போட்டால் திண்டாட்டம். பெரியவர்களிடம் 'நீ' என்று பேசிவிட்டு விழிப்பார்கள். வீட்டில் அவர்களிடம் எல்லோரும் 'நீ' என்றுதானே பேசியிருக்கிறார்கள்! 'நீங்க' என்பது அவர்கள் காதில் அதிகம் விழுந்ததில்லை.

வெள்ளைக்கார மாணவன் தப்பாகப் பேசினால் தெருவே கைதட்டுகிறது. இவர்கள் தப்பாகப் பேசினால், "என்னப்பா, தமிழ்ப் பையன்தானே நீ?" என்று கேட்கிறார்கள். அதனால் சிலர் கடைக்குப் போகவே கூசுவார்கள். ஆனாலும் இரண்டாவது மாதத்தில் எழுத்து கை கூடிவிடுகிறது. காரைக்குடியிலோ, கம்பத்திலோ இருக்கும் பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதச் சொல்லி ஆசிரியர் பாடம் கொடுப்பார். 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் நாலு தடவை அழித்து எழுதி, ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, கடைசி வரியில் 'போயிட்டு வர்றேன்' என்று எழுதுவதா, 'சென்று வருகிறேன்' என்று எழுதுவதா என்று கேட்பார்கள்.